பட்டறைத் தெருவுக்கு வந்த மைல்கற்கள்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை. பாவாயி வாயால் சொல்லக் கேட்டபோதும் நம்பவில்லை, அவள் தெருவுக்கே போய்க் கற்களைப் பார்த்து, அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்த பிறகும் நம்பவில்லை. கல் இருப்பதால் கதை உண்மையாகிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஆகாது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, நம்பும்படியான வேறு கதைகளை எழுதப் போய்விட்டான். இப்போதும் முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோய்விட்டன.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஓர் ஊரில், பட்டறைத் தெரு என்று ஒரு தெரு. அதில் வையாபுரி என்ற ஓய்வுபெற்ற டிரைவரும் அவர் மனைவி பாவாயியும் இருந்தார்கள். வையாபுரி நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டியவர்; முட்டை ஏற்றிக்கொண்டும் ஸ்டார்ச் மாவு ஏற்றிக்கொண்டும் வடக்கே போனால் திரும்பி வர மாதமாகும், வந்தால் இரண்டு நாள் தூங்குவார், தூங்கி எழுந்தால் மறுபடி லோடு ஏறியிருக்கும். அப்படிப் போய்வந்த ஏதோ ஒரு பயணத்தில் எச்.ஐ.வி.யைக் கொண்டுவந்து, பாவாயிக்கும் கொடுத்துவிட்டார். கொடுத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, வாங்கிக்கொண்டதைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாதாமாதம் ஒரே பஸ்ஸில் அவர் பின்னாலும் அவள் முன்னாலுமாக உட்கார்ந்து பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, தெருவுக்குள் நுழையும்போது யாராவது கேட்டால், "சுகர் மாத்திரைங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லுவார்கள்.

அடிக்கடி கேட்டது அடுத்த வீட்டு அங்கம்மாள்தான். அவளும் ஒரு டிரைவரின் பெண்டாட்டி, புருஷன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசனை வருவதற்கு முன்பே சொல்லிவிடக்கூடியவள். தனக்கும் சுகர்தான் என்று சொல்லி, நாள் விட்டு நாள் பாகற்காய்ச் சாறு அரைத்து ஒரு சொம்பு பாவாயிக்கும் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். இல்லாத சுகருக்காகப் பாவாயி அந்தக் கசப்பை வருடக்கணக்கில் குடித்தாள்.

இப்படி இருக்கையில் வையாபுரிக்கு மறதி வந்தது. சாவியை வைத்த இடம், சட்டைப் பொத்தானின் வரிசை, மகளைக் கட்டிக்கொடுத்த வருடம் என்று ஒவ்வொன்றாக நழுவியது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, கிருமி மூளைவரை போய்த் தொந்தரவு செய்கிறது என்றும், வண்டி ஓட்டிய காலத்தில் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்ட வினை இது என்றும், இனி ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டால் இந்த மட்டில் நிறுத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கவுன்சிலர் ஜெபக்கனி பாவாயியைத் தனியாக உட்காரவைத்து, "விட்டுட்டா ஒருநாள் உங்களையே யாருன்னு கேட்டுருவாரும்மா, மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றாள்.

"கேக்கட்டும் பாக்கலாம்" என்றாள் பாவாயி. "கேட்ட வாய்ல தோசைச் சட்டுவத்தாலயே இழுத்துப் போடறன்."

அப்படிச் சொன்னாளே தவிர, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் முன்சீட்டிலிருந்து அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் எந்த ஊரை வேண்டுமானாலும் மறக்கட்டும், பெற்ற தாயைக்கூட மறக்கட்டும். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் அவரோடு அந்த மாத்திரையை விழுங்கிய தன்னைப் பார்த்து மட்டும், நீ யாரு என்று அவர் கேட்டுவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு வழி அந்த மாத்திரை. அவரோ மாத்திரையைக் கண்டாலே, "எனக்கென்ன சீக்கா? வெசம் வெக்கறயா?" என்று துப்பினார். இட்லிக்குள் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஒருநாள் பாவாயி பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்துக் காட்டி, "ஏனுங், இது ஜலந்தர்ல வாங்கியாந்தீங்களே, கவனம் இருக்குதா?" என்று கேட்டாள். வையாபுரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜலந்தரா? அதெந்த ஊரு?" என்றார். மறுநாள் காலையில் அவள் வாசல் தெளிக்க வந்தபோது, தெருக்கோடியில் ஒரு மைல்கல் நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் தலை, வெள்ளை உடம்பு, கறுப்பில் புரியாத எழுத்து, அடியில் நாலு இலக்கத்தில் ஓர் எண். நேற்று நட்டதுபோல இல்லை; பல மழைக்காலம் அங்கேயே நின்றதுபோல அடியில் புல் முளைத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பனி மூட்டம்.

தெரு முதலில் நினைத்தது, எவனோ பிளாட்டுப் போடுகிறான் என்று. அடுத்தபடியாக, பைபாஸ் வரப்போகிறது, வீட்டையெல்லாம் இடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தது. நாலைந்து பேர் போய் நெடுஞ்சாலை ஆபீஸில் சத்தம் போட்டு ஓர் அதிகாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி, தட்டிப் பார்த்து, "இது எங்க கல்லே இல்லீங்க. எங்க கல்லா இருந்தா இவ்வளவு நேரா நிக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பீகார்க்காரர் ராம்பிரவேஷைப் பிடித்துவந்து படிக்கச் சொன்னார்கள். "இது பஞ்சாபி எழுத்து, கீழ இந்தி இருக்கு. ஜலந்தர்" என்றார் அவர். பாவாயிக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவள் சொன்னாள், தெரு கேட்டுக்கொண்டது. வீட்டை இடிக்கவில்லை என்றால் சரிதான் என்று எல்லோரும் கலைந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு வையாபுரி ஓர் ஊரை மறந்தால் அந்த ஊர்க் கல் வந்து நின்றது. இந்தூர் வந்தது, நாக்பூர் வந்தது, அதிலாபாத் வந்தது, ஓங்கோல் வந்தது, நெல்லூர் வந்தது. தெருக்கோடியிலிருந்து வையாபுரியின் வாசலை நோக்கித் தெருவின் இரண்டு ஓரமாகவும் அவை கோவில் தேருக்கு நிற்கும் சனம்போல வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் தன் ஊரின் தட்பவெப்பத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தது. நாக்பூர்க் கல்லின் மேல் வடகம் பிழிந்தால் ஒரே பகலில் காய்ந்தது, ஆனால் ஆரஞ்சு வாசனை அடித்தது. ஜலந்தர்க் கல்லின் பனியில் பால் பாத்திரத்தை வைத்தால் கெடவில்லை. எதை யார் எப்போது வைப்பது என்று பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். கற்களில் இருந்த எண் அந்த ஊரிலிருந்து பட்டறைத் தெருவுக்கு உள்ள தூரம் என்பதையும், தூரத்து ஊர்கள் முதலிலும் கிட்டத்து ஊர்கள் பின்னாலும் வருகின்றன என்பதையும் கண்டுபிடித்ததும், டீக்கடைக் குப்பண்ணன் கடையில் பந்தயம் தொடங்கியது.

"நாளைக்கு கிருஷ்ணகிரி. ரெண்டு ஆஃப்பாயில்."

"அடப் போய்யா, இன்னும் ஆம்பூரே வரல. மூணு ஆம்லேட் கட்டறன்."

பந்தயம் கட்டியவர்களுக்கு எண் குறைவது விளையாட்டு. பாவாயிக்கோ அது தன் வாசலை நோக்கி வந்துகொண்டிருக்கும் வண்டி. அது வந்து சேரும் நாளில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் அவர் அன்றைய மாத்திரையையும் துப்பிவிட்டு, கோபித்துக்கொண்டு வெளியே போய் ஓங்கோல் கல்லின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. எதிரே இருந்த வெறும் காற்றைப் பார்த்து, "ரெட்டிகாரு, பப்பு சூடா இருக்குதா? ரொட்டி ரெண்டு போடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளீனர் பய வண்டில தூங்கறான். மாத்திரையப் போட்டுக்கலாம் வாங்க" என்று உள்ளங்கையை நீட்டினார்.

அவர் துப்பிய மாத்திரையோடு பின்னாலேயே வந்திருந்த பாவாயி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேச்சிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. வடக்கே போகிற வழியெல்லாம் கூட வருகிறவனுக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிட்டவர், ஓங்கோல் தாண்டி ரோட்டோரம் டாபா வைத்திருந்த ரெட்டியின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தன்னுடையது போலவே ஒரு வெள்ளை டப்பாவைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, "அட, நீயுமா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து உலகத்திலேயே அவர் பயமில்லாமல் மாத்திரை விழுங்கிய இடம் அது ஒன்றுதான். கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு அந்த ஊர் இருந்தது, எழுந்தால் போய்விட்டது.

பாவாயி உள்ளே ஓடினாள். அவருடைய துண்டை எடுத்துத் தலையில் முண்டாசு கட்டி, சேலையை வரிந்து செருகி, சொம்பில் தண்ணீரும் வெள்ளை டப்பாவுமாகத் திரும்பி வந்து, தொண்டையைக் கரகரத்துக்கொண்டு, "ரண்டி ரண்டி, கூச்சோண்டி" என்றாள். வாங்க, உட்காருங்க என்பதற்கு மேல் அவளுக்குத் தெலுங்கு தெரியாது.

"என்னங்க ரெட்டிகாரு, எளச்சுட்டீங்க?" என்றார் வையாபுரி.

"யாவாரம் மந்தம்" என்றாள் பாவாயி தமிழில், இனிமேல் தெலுங்குக்கு எங்கே போவது. அவர் கையில் ஒன்றை வைத்து, தன் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அவர் முகம் சுளிக்காமல் விழுங்கினார்.

மறுநாளிலிருந்து ஓங்கோல் கல்லுக்குப் பக்கத்தில் தினமும் டாபா நடந்தது. தெரு சும்மா இருக்குமா? குப்பண்ணன் தன் பெஞ்சைத் தூக்கிவந்து போட்டான். ராம்பிரவேஷ் ரொட்டி சுட்டுத் தந்தார். பட்டறையில் வெல்டிங் வேலை செய்த இரண்டு பேர் செக்போஸ்ட் ஆட்களாக வந்து, வையாபுரியை நிறுத்தி வண்டிக் கண்டிஷன் கேட்டு, அவரிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். பாவாயியின் முண்டாசைப் பார்த்து, "ரெட்டிகாரு, மீசை எங்க?" என்று யாரோ கேட்க, "அடகு வெச்சிருக்கறன்" என்றாள் அவள்.

அங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் வாசலில் வெங்காயம் உரித்தபடி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "ஏன் பாவாயி, சுகர் மாத்திரைய ரெண்டு பேரும் ஒரே டப்பாவுலருந்தா திங்கறீங்க?" என்றாள். பாவாயி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பெஞ்சு போய்விடும், ரொட்டி போய்விடும், டாபா போய்விடும், டாபா போனால் மாத்திரையும் போய்விடும் என்று எண்ணி அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அங்கம்மாளும் தலையில் ஒரு முண்டாசோடு வந்தாள். அதிலாபாத் கல்லின்மேல் காலை அகட்டி உட்கார்ந்து, "யோவ் ரெட்டி! இங்கொரு டிரைவரு பட்டினியாக் கெடக்கறன், தண்ணி கொண்டா" என்று அதட்டினாள். பாவாயி தண்ணீர் கொண்டுபோனாள். அங்கம்மாள் மடியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, அவள் காதுக்குப் பக்கத்தில் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக் காட்டினாள். அதே டப்பா.

"அடிப்பாவி! கோயிலுக்குப் போறன், கோயிலுக்குப் போறன்னு நீயும் அங்கதான் போனயா?"

"நீ போற கெழமைக்கு நான் போகமாட்டன்."

"அப்ப அந்தப் பாகக்காச் சாறு?"

"சுகர்னு சொல்லிட்டு அரைக்காம இருந்தா நம்புவீங்களா? உனக்குக் குடுத்துட்டு நான் மட்டும் கீழ ஊத்தறதான்னு நானும் குடிச்சன்டி."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வையாபுரி ஓங்கோலிலிருந்து திரும்பிப் பார்த்து, "டாபாவுல என்னய்யா பொம்பளையாட்டச் சிரிப்பு?" என்று கண்டித்தார்.

தெருவுக்கும் தெரிந்துவிட்டது. அங்கம்மாள் ஒரு விஷயத்தை மறைக்காவிட்டால் அது சொன்ன மாதிரிதான். சில பேர் நாலு நாள் வரவில்லை. குப்பண்ணன் ஒரு டம்ளரில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி வைத்துத் தனியாக எடுத்து வைத்தான். கழுவக் கழுவப் புள்ளி அழிந்து, எந்த டம்ளர் என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று. அதை அவன் மறந்ததற்கு எந்தக் கல்லும் வரவில்லை. டாபா இல்லாமல் பொழுது போகவில்லை என்று வராதவர்களும் திரும்பி வந்தார்கள்.

ஆனால் மாத்திரை வேலை செய்யவும் நாள் பிடிக்கும் அல்லவா. அதற்குள் தொப்பூர் வந்துவிட்டது. தொப்பூர்க் கணவாய் என்றால் டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கல் வந்த நாளில் தெரு அங்கே சரிந்து, அங்கம்மாளின் வெங்காயம் முழுக்கக் குடுகுடுவென்று உருண்டு சாக்கடையில் விழுந்தது. அப்புறம் சேலம் வந்தது. ஒருநாள் காலையில், வாசலை ஒட்டி, சொந்த ஊர்ப் பெயரோடு ஒரு கல் நின்றது. அதன் அடியில் எண்ணே இல்லை.

வையாபுரி வீட்டுக்குள் நாற்காலியின் நுனியில், அந்நியர் வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். பாவாயியைப் பார்த்ததும் எழுந்து நின்று, மரியாதையாக, "லோடு எறக்கியாச்சுங்களா அம்மிணி? நான் கெளம்பலாங்களா?" என்று கேட்டார். நீ யாரு என்று கேட்டிருந்தால்கூட சட்டுவத்தை எடுத்திருக்கலாம். இந்த மரியாதைக்கு என்ன செய்வது? அவள் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதாள்.

அங்கம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "அழுது என்ன பண்றது? ஓங்கோல்ல உக்காரவெச்சு, அங்கிருந்து அனுப்பிவுடு. ஓங்கோல்லருந்து கெளம்புனா அந்த மனுசன் என்னைக்காவது வேற ஊட்டுக்குப் போயிருக்கறாரா?"

அன்று சாயங்காலம் ரொட்டி தின்று மாத்திரை விழுங்கியதும், ரெட்டியாகிய பாவாயி, "லோடு எறக்கியாச்சு. ஊட்டுக்குக் கெளம்புங்க" என்றாள். வையாபுரி எழுந்து, கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, நெல்லூர் தாண்டி, ஆம்பூர் தாண்டி, கிருஷ்ணகிரியில் ஒரு டீ குடித்து, தொப்பூர்ச் சரிவில் கியரைக் குறைத்து மெல்ல இறங்கி, சேலத்தில் செக்போஸ்ட்காரர்களைத் திட்டி, தன் வீட்டு வாசலுக்கு வந்து, கதவைத் தட்டினார்.

"ஏம்புள்ள பாவாயி! கதவத் தொற."

அவருக்கு வீடு என்பது உட்கார்ந்திருந்த இடமாக என்றைக்கும் இருந்ததில்லை, வந்து சேர்ந்த இடமாகத்தான் இருந்தது. பாவாயி சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடி, முண்டாசை அவிழ்த்து எறிந்து, பின்கதவால் நுழைந்து, முன்கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றும் கேட்டாள், எப்போதும் கேட்பதுபோல. அவர் உள்ளே வந்தார்.

பகலில் அவள் அம்மிணி, சாயங்காலம் ரெட்டி, இருட்டியதும் பாவாயி. இப்படியே மழை வந்து போயிற்று, வெயில் வந்து போயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, கிருமி அடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "எப்படிம்மா மாத்திரை சாப்பிட வெச்சீங்க?" என்று ஜெபக்கனி கேட்டாள். "டாபாவுல சாப்படறாருங்க" என்றாள் பாவாயி. ஜெபக்கனி பாவாயியின் மூளையையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

ஒருநாள், டாபாவில் வேறு யாரும் இல்லாத நேரம். வையாபுரி ரொட்டியைப் பிய்த்தபடி, "ரெட்டிகாரு, உங்க ஊட்டம்மாளுக்கும் இருக்குதா?" என்று கேட்டார்.

"என்னது?"

"நம்முது."

"இருக்குது" என்றாள் பாவாயி.

"என்ற ஊட்டுலயும் இருக்குது. நாந்தான் குடுத்தன்." பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். "கொழம்புல உப்பு அள்ளிப் போடுவா. வாயத் தொறந்தா மூடமாட்டா. ஆனா இதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல, பாருங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பன். இல்லீனா கால்ல வுழுந்திருப்பன். அவ கேக்காததுனால நானும் தப்பிச்சுக்கிட்டே வந்துட்டன்."

பாவாயி ரெட்டியின் குரலை எங்கெங்கோ தேடிப் பிடித்தாள். "இப்பப் போயிச் சொல்றது?"

"மொறத்தால அடிப்பா."

"அடிச்சா வாங்கிக்கறது. பெரிய துரையா நீ?"

"அதுஞ் சரி" என்றார் வையாபுரி. மாத்திரையை விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று அவர் கிருஷ்ணகிரியில் டீக்கு நிற்கவில்லை, தொப்பூரில் கியரைக் குறைக்கவில்லை. பாவாயி சந்தில் விழுந்தடித்து ஓடி, கோழியை மிதித்து, கொல்லைக் கதவில் முட்டிக்கொண்டு, முன்கதவைத் திறந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன புள்ள, இப்பிடி மூச்சு வாங்குது?"

"அடுப்படிலருந்து வர்றன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அவள் அவிழ்க்க மறந்திருந்த முண்டாசைத் தலையிலிருந்து எடுத்து, உதறி, மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மூலையில் சாத்தியிருந்த முறத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.

அடித்தாளா என்று கேட்டால் பாவாயி, "பின்ன?" என்பாள். எத்தனை அடி என்பது அவள் மூடைப் பொறுத்து மாறும். மறுநாள் காலையில் அவர் மறுபடி அம்மிணி என்றுதான் கூப்பிட்டார், சாயங்காலம் மறுபடி டாபாவுக்கு வந்தார், அதற்குப் பிறகும் நாலு வருடம் வந்தார். அவர் இறந்த பிறகு ஒருமுறை, அதே ஓங்கோல் கல்லுக்குப் பக்கத்தில், குப்பண்ணனின் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கம்மாள் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போகும்வரை தயங்கி, இதை எழுதுகிறவன் பாவாயியிடம் அதைக் கேட்டேவிட்டான்:

"அக்கா, இந்தக் கல்லுமேல உக்காந்து அவர் பேசுனதெல்லாம் ரெட்டிகிட்டயா, உங்ககிட்டயா?"